ஆற்று நீரும் ஆடி விழாவும்

இலங்கையின் நடுநாட்டில், மாத்தளை மாவட்டத்தைச் சேர்ந்த நக்கிள்ஸ் மலைத்தொடரிலே ரிவர்ஸ்டன் என்னும் மலைமுகடு ஒன்று உள்ளது. மாத்தளை நகரிலிருந்து இரத்தோட்டை வழியாக ஏறி இலுக்கும்புரையை நோக்கி இறங்கும் பாதை இம்முகட்டைக் கடந்தே செல்கின்றது. ஏறும் வழியில் தேயிலைத் தோட்டங்கள். இறங்கும் வழியில் பிட்டவல பத்தனை என்னும் புல்வெளி. இரண்டுக்கும் இடையே முகில் தவழும் காடு. தென்மேற்குப் பருவக்காற்றும் வடகீழ்ப் பருவக்காற்றும் மாறி மாறி மோதும் மலை இது. ஆதலின் ஒரு பருவத்தில் இல்லாவிடினும் மறு பருவத்தில் இங்கு மழை உண்டு.

இம்மலையில் வீழும் மழை இருபாலும் பிரிந்து ஓடுகின்றது. மேற்கே மாத்தளைப் பள்ளத்தாக்கில் சுது கங்கை ஓடுகின்றது. கிழக்குச் சரிவில் தெல்கமு ஓயாவும் களு கங்கையும் ஓடுகின்றன. இக்களு கங்கை, களுத்துறையிலே கடல் சேரும் களு கங்கையன்று. அதே பெயருடைய வேறோர் ஆறு. சிங்கள மொழியில் சுது என்பது வெண்மை. களு என்பது கருமை. வெள்ளாறு ஒருபுறமும் கருவாறு மறுபுறமுமாக மலையைச் சுற்றி இறங்கிய நீர், முடிவில் அம்பன் கங்கை என்னும் ஒரே ஆற்றைச் சேர்கின்றது. அம்பன் கங்கை மகாவலியில் கலக்கின்றது.

இந்த நீர் செல்லும் வழிநெடுகிலும் மக்கள் விழா எடுத்து வந்திருக்கின்றனர். சிங்களவரும் தமிழரும், உழவரும் அரசரும், மலைத்தோட்டத் தொழிலாளரும் தத்தமக்கு உரிய முறையில் நீரைக் கொண்டாடினர். அவ்விழாக்களின் வரலாற்றை ஆராயுமிடத்து, அவை வெறும் களியாட்டங்கள் அல்ல என்பது புலனாகும். நீருக்குத் தாம் பட்ட கடனை ஆண்டுக்கொருமுறை நினைந்து எண்ணிப் பார்க்கும் நாள்களே அவை.

அம்பன் கங்கையின் நீரை முதன்முதலில் பெரிய அளவில் திருப்பியவன் வசபன் என்னும் அநுராதபுர மன்னன். அவன் கி.பி. முதலாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆட்சிக்கு வந்தவன். எலஹெர என்னுமிடத்தில் ஆற்றை மறித்து வாய்க்கால் வெட்டிய புகழ் அவனுக்கு உரியது. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளின் பின், மகாசேனன் மின்னேரிக் குளத்தைக் கட்டி அவ்வாய்க்காலின் நீரை அதனுள் பாய்ச்சினான். அவனையே பிற்காலத்து உழவர்கள் மின்னேரித் தெய்வம் என்று வணங்கத் தலைப்பட்டனர். குளம் வெட்டிய மன்னன் கோயில் கொண்ட தெய்வமானான். நீர் தந்தவனை மறவாதிருப்பதற்கு மக்கள் கண்ட வழி அதுவாகும்.

பன்னிரண்டாம் நூற்றாண்டிலே பராக்கிரமபாகு அங்கமெடில்லை அணையினின்றும் அம்பன் கங்கையின் நீரைப் பொலன்னறுவைக்குக் கொண்டுசென்று, பராக்கிரம சமுத்திரம் என்னும் பெருங்குளத்தை நிறைத்தான். எலஹெர வாய்க்காலோ மின்னேரியைக் கடந்து கந்தளாய் வரை நீண்டது. கந்தளாய்க் குளத்தை இரண்டாம் அக்கிரபோதி கட்டினான் எனச் சிங்கள வரலாற்று நூல் கூறும். குளக்கோட்டன் என்னும் மன்னன் திருக்கோணேச்சரத்தின் பூசைக்கும் வயலுக்குமாகக் கட்டினான் எனத் தமிழ் மரபு கூறும். சோழர் பொலன்னறுவையிலிருந்து ஆண்ட பதினோராம் நூற்றாண்டில், கந்தளாயில் அவர்கள் பெயரால் ஓர் அந்தணர் குடியிருப்பும் இருந்தது. ஆக, ரிவர்ஸ்டன் மலைப்பக்கத்தில் வீழ்ந்த மழையின் ஒரு பங்கு பௌத்த விகாரையின் வயலையும் சைவக் கோயிலின் வயலையும் ஒருங்கே நனைத்தது.

வசபனின் பேரன் ஒருவன் தமிழ் மக்களுக்கும் நன்கு அறிமுகமானவன். அவனே கசபாகு, சிலப்பதிகாரம் கயவாகு என்று குறிக்கும் இலங்கை மன்னன். சேரன் செங்குட்டுவன் கண்ணகிக்குக் கோயில் எடுத்த விழாவில் அவன் இருந்தான் என்றும், தன் நாட்டில் ஆடித் திங்களிலே பத்தினித் தெய்வத்துக்கு விழா எடுத்தான் என்றும், அதன் பயனாக மழை தவறாது பெய்து விளைவு பெருகிற்று என்றும் அக்காப்பியம் உரைக்கின்றது. இதன் வரலாற்றுத் தன்மை பற்றி அறிஞரிடையே வாதங்கள் உண்டு. ஆயினும் ஒன்று தெளிவு. விழாவும் மழையும் விளைவும் ஒரே சங்கிலியின் கண்ணிகள் என்று அந்நாளைய மக்கள் கருதினர். பாட்டன் வாய்க்கால் வெட்டினான். பேரன் விழா எடுத்தான். இரண்டும் நீரை நாடிய செயல்களே.

ஆடித் திங்கள் என்பது இங்குக் கவனிக்கத்தக்கது. தமிழகத்தில் காவிரிக்கரை மக்கள் புதுப்புனலை வரவேற்றுப் பதினெட்டாம் பெருக்கைக் கொண்டாடுவது அம்மாதத்தில்தான். கண்டி மாநகரில் எசல பெரகரா நிகழ்வதும் அப்பருவத்தையொட்டியே. எசல என்பது ஆடியை ஒத்த சிங்கள மாதத்தின் பெயர். மட்டக்களப்பு மாமாங்கேசுவரர் கோயிலில் மக்கள் பெருந்திரளாகக் கூடித் தீர்த்தமாடுவதும் ஆடி அமாவாசையன்று. கடல் இடையிட்டும் மொழி வேறுபட்டும் இம்மக்கள் நீரை நினைக்கும் பருவம் ஒன்றாகவே இருக்கின்றது.

கண்டிப் பெரகரா முற்காலத்தில் நாதர், விட்டுணு, கதிர்காமத் தெய்வம், பத்தினி ஆகிய நான்கு தேவாலயங்களுக்கு உரிய விழாவாக இருந்தது. மதுரை நாயக்கர் உறவில் வந்த கீர்த்தி சிறீ இராசசிங்கன் காலத்தில், 1775 ஆம் ஆண்டை ஒட்டி, புனித தந்தப் பேழை அதன் முன்னணியில் இடம்பெற்றது என்பர். யானைகளும் தீவட்டிகளும் முரசங்களும் ஆடலரும் நிறைந்த அவ்விழாவைக் காண உலகெங்குமிருந்து மக்கள் வருகின்றனர். ஆனால் விழாவின் முடிவு ஆரவாரமற்றது. கடைசி இரவு ஊர்வலம் முடிந்தபின், விடியற்காலையில் தேவாலயக் கப்புறாளைமார் மகாவலிக் கரையிலுள்ள கெட்டம்பேத் துறைக்குச் செல்கின்றனர். அங்கே வாளால் நீரை வெட்டி, வெட்டிய இடத்து நீரைக் குடத்தில் முகந்து, தேவாலயத்துக்குக் கொண்டுவந்து அடுத்த ஆண்டு விழா வரை காத்து வைக்கின்றனர். மறு ஆண்டு பழைய நீரை ஆற்றில் விட்டுப் புதுநீர் முகப்பர். இதனை நீர்வெட்டு என்பது தமிழ் வழக்கு. கதிர்காமத்தில் மாணிக்க கங்கையிலும் இவ்வாறே நீர்வெட்டு நிகழ்கின்றது.

அந்தக் குடத்து நீரின் பொருள் எளிது. ஆற்றுக்கும் ஊருக்கும் இடையே ஓர் உடன்படிக்கை உண்டு. அது ஓராண்டுக்கு மட்டுமே செல்லும். ஆண்டுதோறும் ஆற்றங்கரைக்குச் சென்று அதனைப் புதுப்பித்தாக வேண்டும். நீர் ஒருமுறை கிடைத்துவிட்டால் என்றும் கிடைக்கும் என்று எவரும் இறுமாந்திருக்கலாகாது என்பதே அதன் உட்கருத்து எனலாம்.

விழாவிலே ஆடிய கலைஞர்களுக்கும் நீருக்கும் மற்றோர் உறவும் இருந்தது. கண்டி இராச்சியத்தில் தேவாலயங்களுக்கு வயல்கள் விடப்பட்டிருந்தன. முரசறைவோர், ஆடுவோர், யானை நடத்துவோர், விளக்கேந்துவோர் என ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனித்தனிக் காணி உண்டு. காணியை உழுதுண்பவர் விழாநாளில் தமக்குரிய பணியைச் செய்தல் வேண்டும். வயலுக்கு நீர் வராவிடின் நெல் இல்லை. நெல் இல்லையேல் முரசும் இல்லை, ஆடலும் இல்லை. இன்று உலகம் வியக்கும் கண்டிய நடனம் வாய்க்கால் நீரால் வளர்ந்த கலை என்று சொன்னால் அது மிகையாகாது.

நீரை மக்கள் நன்றியோடு மட்டும் நோக்கவில்லை, அச்சத்தோடும் நோக்கினர். தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் ஏரிக்கரையைக் காக்கும் தெய்வம் ஐயனார். கரை உடையாமல் இரவெல்லாம் குதிரையேறிக் காவல் புரிபவர் அவர் என்பது மக்கள் நம்பிக்கை. அநுராதபுரப் பகுதியின் சிங்களச் சிற்றூர்களிலும் குளக்காவல் தெய்வத்தின் பெயர் அய்யநாயக்க என்பதாகும். ஐயனாரே அங்கு அப்பெயர் பெற்றார் என்பர் ஆராய்ச்சியாளர். குளக்கரையில் மட்பானைகளை அணிசெய்து வைத்து அத்தெய்வத்துக்கு எடுக்கும் முட்டி மங்கல்லய என்னும் சடங்கு அவ்வூர்களின் பழைய வழக்கம். கரை உடையும் என்ற அச்சம் வீண் அச்சமன்று. 1986 ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் கந்தளாய்க் குளத்தின் கரை உடைந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். ஐயனாரைக் கரையிலே நிறுத்திய முன்னோர், கரையை நாள்தோறும் கண்காணிக்க வேண்டும் என்னும் பாடத்தையே தெய்வத்தின் பெயரால் சொல்லிவைத்தனர்.

பதின்மூன்றாம் நூற்றாண்டுக்குப் பின் பொலன்னறுவை அரசு சிதைந்தது. வாய்க்கால்கள் தூர்ந்தன. பெருங்குளங்களைக் காடு மூடிற்று. அறுநூறு ஆண்டுகள் கழிந்து அக்காட்டு வழியாக ஒரு புதிய மக்கட்கூட்டம் நடந்து வந்தது. கோப்பித் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்ட காலம் அது. தென்னிந்தியச் சிற்றூர்களிலிருந்து புறப்பட்ட தமிழ்த் தொழிலாளர், மன்னார்ப் பக்கத்தில் கரையிறங்கி, வடபாதை வழியே தம்புள்ளையைக் கடந்து மாத்தளைக்கு நடந்தனர். வழியிலே நல்ல நீர் இல்லை. வாந்திபேதியும் காய்ச்சலும் பசியும் தாகமும் சேர்ந்து எத்தனையோ பேரை வழியிலேயே மாய்த்தன. ஒருகாலத்தில் நீர் ததும்பிய குளங்கள் பாழ்பட்டுக் கிடந்த நாட்டிலே மனிதர் நீரின்றி மாண்டமை நெஞ்சை உருக்கும் செய்தியாகும்.

அவ்வாறு நடந்து வந்தோர் கண்ட முதல் மலைநகரம் மாத்தளை. அங்கே சுது கங்கை ஓடிக்கொண்டிருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அந்நகரில் முத்துமாரியம்மன் கோயில் எழுந்தது. மாரி என்னும் சொல்லுக்கு மழை என்பதே பொருள். தாகத்தோடு வந்தவர்கள் மழையின் பெயரைத் தாங்கிய தாயை அங்கே நிலைநிறுத்தினர். அக்கோயிலின் பெருவிழா மாசி மகத்தை ஒட்டியது. ஐந்து தேர்கள் நகர வீதிகளில் உலாவருகின்றன. மாசி மகம் தமிழ்நாட்டிலும் தீர்த்தமாடும் நாளன்றோ? கும்பகோணத்தில் பன்னீராண்டுக்கொருமுறை மகாமகக் குளத்தில் மக்கள் திரள்வதும் அம்மகத்திலேதான்.

மலைத்தோட்டங்களில் நிகழும் மாரியம்மன் விழாவும் நீரிலேதான் தொடங்குகின்றது. ஆற்றங்கரையிலோ ஓடைக்கரையிலோ கரகம் பாலித்து, பறை முழங்க, அதனைத் தலையில் ஏந்திக் கோயிலுக்கு வருவர். கரகம் என்பது நீர்க்குடமே. கும்மியும் கோலாட்டமும் காமன் கூத்தும் இம்மக்கள் தம்மோடு கொண்டுவந்த கலைகள். நிலமும் காணியும் இல்லாதவர்களுக்குக் கலை ஒன்றே கையிருப்பாக இருந்தது. கண்டி ஆடலனுக்குத் தேவாலய வயல் இருந்தது. தோட்டத்துக் கரகக்காரருக்கு அதுவும் இல்லை. ஆயினும் நாட்கூலி உழைப்பின் நடுவே ஒவ்வோராண்டும் விழாவை அவர்கள் விடாது நடத்தினர். ஆற்றின் ஊற்றுக்கண்ணுக்கு அருகே வாழ்ந்தும் அதன் நீரால் விளைந்த ஒரு பிடி நிலமும் பெறாத மக்களின் நன்றி அது என்பதை வரலாறு மறத்தலாகாது.

இருபதாம் நூற்றாண்டில் நீரின் வழியே மாறிற்று. 1930 களில் வேளாண்மை அமைச்சராக இருந்த டி. எஸ். சேனநாயக்கா காலத்தில் மின்னேரியில் குடியேற்றம் தொடங்கியது. 1976 ஆம் ஆண்டில் மகாவலித் திட்டத்தின் முதற் பெரும்பணியாகப் பொல்கொல்லை அணை இயங்கத் தொடங்கியது. அங்கிருந்து ஏறத்தாழ எட்டுக் கிலோமீற்றர் நீளமுள்ள சுரங்கம் மகாவலியின் நீரை மலைக்குள்ளே செலுத்தி, உக்குவளை மின்னிலையத்தில் இறக்கி, சுது கங்கையில் விடுகின்றது. அந்நீர் மாத்தளையைக் கடந்து போவத்தன்னை நீர்த்தேக்கத்தை அடைகின்றது. அங்கிருந்து ஒரு பங்கு தாதுசேனன் கட்டிய கலாவாவிக்குத் திருப்பப்படுகின்றது. எஞ்சியது அம்பன் கங்கை வழியே மின்னேரிக்கும் கந்தளாய்க்கும் செல்கின்றது.

இதன் விளைவைச் சற்றுச் சிந்தித்தால் வியப்புத் தோன்றும். கெட்டம்பேத் துறை பொல்கொல்லைக்கு மேலே, ஆறு வரும் திசையில் உள்ளது. ஆகவே கண்டிப் பெரகராவின் முடிவில் வாளால் வெட்டப்பட்ட அதே மகாவலி நீர், இன்று மலையைக் குடைந்து சென்று, முத்துமாரி வீற்றிருக்கும் மாத்தளை நகரைக் கடந்து, ரிவர்ஸ்டன் மலைப்பக்கத்து நீரோடு கலந்து, மகாசேனனைத் தெய்வமாகக் கொண்ட மின்னேரியையும், குளக்கோட்டன் பெயர் வழங்கும் கந்தளாயையும் அடையலாம். முற்காலத்தில் தனித்தனியே நின்ற விழாக்களை நீர் இன்று ஒரே கயிற்றில் கோத்துவிட்டது. ஆனால் விழாவெடுக்கும் மக்களுள் இதனை அறிந்தவர் எத்தனை பேர்?

இத்தகைய மாற்றம் தமிழகத்தில் இதற்கு முன்னரே நேர்ந்தது. சங்க இலக்கியமாகிய பரிபாடலில் இன்று கிடைக்கும் இருபத்திரண்டு பாடல்களுள் எட்டு வையை ஆற்றைப் பற்றியவை. உ. வே. சாமிநாதையர் 1918 இல் அந்நூலைப் பதிப்பித்து உலகுக்கு அளித்தார். பாடலாசிரியர் பெயரோடு, இசை வகுத்தவர் பெயரும் பண்ணின் பெயரும் அங்கே குறிக்கப்பட்டுள்ளன. புதுவெள்ளம் வந்த செய்தி கேட்டு மதுரை மக்கள் ஆற்றுக்கு விரைந்ததையும், பொன்னாற் செய்த நண்டையும் மீனையும் நீரிலிட்டு மகிழ்ந்ததையும் அப்பாடல்கள் காட்டுகின்றன. ஆறும் இசையும் பாட்டும் ஊரும் ஒன்றாகக் கூடிய கலைவிழாவுக்கு இதனினும் பழைய சான்று தமிழில் அரிது.

அவ்வையை பிற்காலத்தில் தன் நீரால் மட்டும் வாழ முடியாததாயிற்று. 1895 ஆம் ஆண்டில் பென்னிகுயிக் கட்டிமுடித்த பெரியாற்று அணை, மேற்கே ஓடிய ஆற்றின் நீரை மலைச்சுரங்கத்தின் வழியே கிழக்கே திருப்பி வையைப் படுகைக்குத் தந்தது. 1959 இல் வைகை அணை திறக்கப்பட்டது. இன்று சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் மதுரையில் ஆறு பெரும்பாலும் மணலாகவே கிடப்பதால், அணையிலிருந்து விழாவுக்கென நீர் திறந்துவிடும் வழக்கம் ஏற்பட்டுள்ளது. வெள்ளம் வந்ததால் விழா எழுந்தது பழங்காலம். விழா வருவதால் நீரைத் திறந்துவிடுவது இக்காலம். விழா நிலைத்தது, ஆறு மெலிந்தது. விழா மட்டும் ஆற்றைக் காப்பாற்றிவிடாது என்பதற்கு மதுரை தரும் பாடம் இது.

மாத்தளை மலைகளுக்கு அந்நிலை வரவில்லை. ஆயினும் இங்கும் நீருக்குக் கொடுத்த விலை சிறிதன்று. அம்பன் கங்கையில் கட்டிய மொரகஹகந்தை நீர்த்தேக்கம் 2017 ஆம் ஆண்டில் நீர் நிரப்பப்பட்டது. அதனோடு இணைந்த களு கங்கை நீர்த்தேக்கத்தினால் லக்கலப் பகுதியின் பழைய ஊர் நீரடிப்பட்டது. அங்கிருந்தோர் புதிய நகருக்கும் புதிய வயல்களுக்கும் பெயர்ந்தனர். தாழ்நிலத்து உழவனுக்கு நீர் கிடைப்பதற்காக மலையடிவாரத்து உழவன் தன் ஊரை விட்டான். நீர்விழாவின் நன்றிக்கடனில் அவனுக்கும் பங்கு உண்டு.

காட்டின் கதையும் அத்தகையதே. கோப்பிக்காகவும் தேயிலைக்காகவும் இம்மலைகளில் காடு அழிக்கப்பட்டது. எஞ்சிய காட்டின் அடியில் ஏலச்செய்கை பரவிற்று. 2000 ஆம் ஆண்டில் நக்கிள்ஸ் காடு பேணற்காடாக அறிவிக்கப்பட்டது. 2010 ஆம் ஆண்டில், சிவனொளிபாத மலைக்காடு, ஓட்டன் சமவெளி ஆகியவற்றோடு சேர்த்து, யுனெசுக்கோ இதனை உலக மரபுரிமையாக ஏற்றது. அரிய உயிரினங்கள் வாழ்வதால் வந்த பெருமை இது. அதே காட்டின் மண்தான் மழைநீரை உறிஞ்சி வைத்துக் கோடையில் ஓடைகளுக்குச் சிறிது சிறிதாக விடுகின்றது. காடு வெறுமையானால் மழை நாளில் வெள்ளமும் வெயில் நாளில் வறட்சியும் மிகும். அப்போது மின்னேரிக்கும் கந்தளாய்க்கும் எத்தனை வாய்க்கால் இருந்தும் பயனில்லை.

பழைய நீர்விழாக்கள் தத்தம் ஊர்த்துறையோடு நின்றன. அந்நாளில் அது போதுமானதாக இருந்தது; ஏனெனில் ஊராரின் கண்ணெதிரே ஓடிய ஆறே ஊராரின் ஆறு. இன்று கந்தளாய் உழவனின் நீர் கண்டியிலும் மாத்தளையிலும் ரிவர்ஸ்டன் முகட்டைச் சூழ்ந்த மலைகளிலும் பிறக்கின்றது. ஆறு நீண்டதுபோல் விழாவின் நினைவும் நீளுதல் வேண்டும். குடத்திலே முகந்த நீர் எந்த மலையில் பிறந்தது, எந்தக் காடு அதனைத் தேக்கி வைத்தது, எவர் ஊரை மூடி அது தேங்கிற்று, எவர் உழைப்பு அம்மலையில் உள்ளது என்பவற்றை விழாநாளில் இளைஞர்க்கு எடுத்துச் சொல்வது பழைய மரபுக்கு மாறானதன்று. வசபனின் வாய்க்காலும் கயவாகுவின் ஆடி விழாவும் கற்பித்த பாடம் அதுவே. ஆண்டுதோறும் குடத்து நீரை மாற்றுவோர், அந்நீரின் பிறப்பிடத்தையும் ஆண்டுதோறும் ஒருமுறை நிமிர்ந்து நோக்குவாராயின், அடுத்த ஆண்டும் முகப்பதற்கு ஆற்றில் நீர் இருக்கும்.